பெட்டியில்லாத புதையல் வேட்டை: சீ-ஜியோ செயலியும் இட்ரெக்ஸ் 10 கருவியும் வன்னியில்

சீ-ஜியோ என்ற இலவசக் கைத்தொலைபேசிச் செயலியையும், கார்மின் நிறுவனத்தின் இட்ரெக்ஸ் 10 என்ற கையடக்க ஜி.பி.எஸ். கருவியையும் இலங்கையின் வட மாகாணத்தில், வன்னியிலுள்ள பரந்தன், ஆனையிறவுப் பகுதிகளில் பயன்படுத்திப் பார்த்த பின்னர் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இரண்டும் தமக்குரிய வேலையைச் செம்மையாகச் செய்கின்றன. ஆயினும் அவை எந்த விளையாட்டுக்குத் துணையாக வாங்கப்படுகின்றனவோ அந்த ஜியோகேச்சிங் என்ற புதையல் தேடும் விளையாட்டை, உலகெங்கும் விளையாடப்படும் வழக்கமான வடிவில், வன்னி மண்ணில் விளையாடக் கூடாது என்பதே என் கருத்து. எந்த வடிவில் விளையாடலாம், அதற்கு இவ்விரண்டும் எவ்வளவு உதவும் என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஜியோகேச்சிங் எனப்படும் இந்த விளையாட்டில், ஒருவர் நீர் புகாத சிறு பெட்டியொன்றை ஓரிடத்தில் ஒளித்துவைத்து அதன் ஆள்கூறுகளை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். துணையோடு தேடிச் சென்று, பெட்டிக்குள் இருக்கும் குறிப்பேட்டில் பெயரும் திகதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே அதைத் திரும்ப வைத்துவிட்டு வருவார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி, பொதுமக்களுக்குரிய ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியதோடுதான் இது சாத்தியமாயிற்று. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைந்த நிலையில் வைத்து அதன் ஆள்கூறுகளை அறிவித்தார். அந்த ஆண்டு செப்ரெம்பரில் இதற்கென ஒரு தனி இணையத்தளமும் தொடங்கப்பட்டது. அந்த வாளி வைக்கப்பட்டபோது ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்து இரண்டு கிழமைகூட ஆகியிருக்கவில்லை. அங்கே விளையாட்டு பிறந்த அதே நாட்களில் இங்கே நிலத்தில் என்ன புதைக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்பதை மனத்தில் இருத்தாமல் இந்தக் கருவிகளைப் பற்றி எழுத முடியாது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் செயலி. சீ-ஜியோ அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் மட்டுமே இயங்கும்; ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது. மூலநிரல் திறந்த நிலையில் இருக்கும் இந்தச் செயலியைத் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள்; சியற்றிலைத் தலைமையகமாகக் கொண்ட ஜியோகேச்சிங் நிறுவனத்துக்கும் இதற்கும் நிறுவன ரீதியான தொடர்பு கிடையாது. அந்த நிறுவனத்தின் தளத்தில் உள்ள கணக்கைக் கொண்டு இதனுள் நுழைந்து அங்குள்ள பதிவுகளைப் பார்க்கலாம் என்றாலும், என்னை ஈர்த்தவை வேறு இரண்டு வசதிகள். ஒன்று, வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கிவைத்து இணைய இணைப்பே இல்லாமல் பயன்படுத்தலாம். மற்றையது, எந்தத் தளத்திலும் பதிவாகாத, நாமே உருவாக்கும் புள்ளிகளைச் செயலிக்குள் சேமித்து, அவற்றை நோக்கித் திசைகாட்டியை ஓட்டலாம். ஏ-9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் பல இடங்களில் தொலைபேசிச் சமிக்ஞை ஒரு கோட்டுக்கும் அரைக் கோட்டுக்கும் இடையில் ஊசலாடும் எங்கள் பகுதிக்கு முதலாவது வசதி இன்றியமையாதது. இரண்டாவது வசதி இல்லாமல், நான் பின்னர் சொல்லப்போகும் வகையில் விளையாடவே முடியாது.

இன்னொரு வசதியையும் குறிப்பிட வேண்டும். ஒரு புள்ளியின் ஆள்கூறுகளில் சில இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளை இட்டு, அவற்றின் பெறுமதியை வேறோர் இடத்தில் கிடைக்கும் விடையிலிருந்து நிரப்பும்படி அமைக்கலாம். அதாவது, முதலாம் இடத்தில் கேட்கப்படும் கேள்விக்குச் சரியான விடை கிடைத்தால்தான் இரண்டாம் இடம் எங்கே என்பது தெரியும். பாடசாலைப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள கருவி இலவசமாகக் கிடைப்பது அரிது.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஓரிடத்தில் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். இந்த விளையாட்டில் ஆள்கூறுகள் பாகை, கலை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு), கலையின் மூன்று தசம இலக்கங்கள் என்ற வடிவில் எழுதப்படுகின்றன. கடைசி இலக்கம் ஒன்றால் மாறினால் நிலத்தில் ஏறத்தாழ 1.8 மீற்றர் நகரும். ஆனால் தொலைபேசியில் உள்ள பொதுவான வரைபடச் செயலிகள் பாகையைத் தசமத்தில் காட்டும். ஆனையிறவு ஏறத்தாழ வடக்கு 9 பாகை 31 கலை, கிழக்கு 80 பாகை 24 கலையில் இருக்கிறது. இதை 9.31, 80.24 என்று தசமப் பாகையாக உள்ளிட்டால், செயலி எந்த முணுமுணுப்பும் இன்றி, தென்மேற்கே 25 கிலோமீற்றருக்கும் அப்பால், அக்கராயன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். எந்த வடிவில் உள்ளிடுகிறோம் என்பதைச் செயலியின் அமைப்புகளில் ஒருமுறை உறுதிசெய்துகொண்டால் போதும்.

துல்லியத்தைப் பொறுத்தவரை, திறந்த வெளியில் இன்றைய சாதாரணத் தொலைபேசியே மூன்று முதல் ஐந்து மீற்றருக்குள் இடத்தைக் காட்டிவிடுகிறது. ஆனையிறவில் வானத்தை மறைக்க எதுவும் இல்லை. ஏரியும் வெளியும் உப்புக் காற்றும்தான். பாலை, வீரை மரங்கள் அடர்ந்த காட்டோரங்களில் அம்புக்குறி அலையத் தொடங்கும், பத்து மீற்றர் இங்கும் அங்கும் தாவும். அப்படித் தாவும்போது அதைத் துரத்திக்கொண்டு நடக்காமல் ஓரிடத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் பெரும்பாலும் அடங்கிவிடும். தொலைபேசியின் உண்மையான பலவீனம் வெயில்தான். வைகாசி வெயிலில் திரை வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, ஜி.பி.எஸ். இயங்கியபடி கையில் பிடித்து நடந்தால் கருவி கொதிக்கும், தானாகவே திரையை மங்கச் செய்யும், பற்றரியும் மதியத்துக்கு முன்னரே தீர்ந்துபோகும்.

இந்த இடத்தில்தான் இட்ரெக்ஸ் 10 கைகொடுக்கிறது. 2.2 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை. வெயில் ஏற ஏற அந்தத் திரை தெளிவாகத் தெரியுமே ஒழிய மங்காது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ் ஆகிய இரண்டு வகைச் செய்மதிகளையும் பயன்படுத்துகிறது. 1,000 புள்ளிகளைச் சேமிக்கலாம். தண்ணீருக்குள் தவறி விழுந்தாலும் உடனே எடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாத அளவுக்கு மூடப்பட்டிருக்கிறது. ஆனால் விரிவான வரைபடங்களை இதில் ஏற்ற முடியாது; திரையில் தெரிவது வெறும் அம்புக்குறியும் தூரமும் நாம் நடந்துவந்த தடமும்தான். தொடுதிரை இல்லாததால் ஒரு சிறு குமிழைத் தள்ளித் தள்ளி எழுத்துகளைத் தெரிவுசெய்ய வேண்டியிருப்பது பொறுமையைச் சோதிக்கும். என் கைக்கு வந்தது கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து தந்த பழைய கருவி. இங்கே புதிதாக வாங்குவதானால் இறக்குமதிச் செலவோடு சேர்த்து ஒரு நல்ல தொலைபேசியின் விலைக்குக் கிட்ட வரும்.

இரண்டு பென்ரோச் (ஏஏ அளவு) பற்றரிகளில் இந்தக் கருவி 20 மணித்தியாலத்துக்கு மேல் இயங்குகிறது. 1990களில் வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வரி சும்மா ஒரு தொழில்நுட்ப விபரமாகத் தெரியாது; அந்தப் பற்றரி அன்று தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தது, வானொலிச் செய்தி கேட்பதற்கே சைக்கிள் தைனமோவைச் சுற்றிய காலம் அது. இன்று எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது என்பதே இந்தக் கருவியை எங்கள் பகுதிக்குப் பொருத்தமானதாக்குகிறது. மீள்மின்னேற்றும் பற்றரிகளைப் பயன்படுத்துவோர் அதற்குரிய வகையை அமைப்புகளில் தெரிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சிய மின்னளவைக் கருவி தவறாகக் காட்டும்.

இனி, இவற்றை எங்கே பயன்படுத்தினேன் என்பது. இந்த விளையாட்டின் ஆர்வலர்களுக்கு உலகெங்கும் பிடித்தமான இடங்களில் கைவிடப்பட்ட சுரங்க நகரங்களும் அடங்கும். மண்ணிலிருந்து ஒன்றை எடுப்பதற்காகவே எழுந்து, எடுப்பது நின்றதும் வெறுமையான ஊர்கள் அவை. வன்னியில் பொன்னோ நிலக்கரியோ தோண்டப்படவில்லை. எனினும் ஏரியிலிருந்து உப்பை எடுத்து, அந்த உப்பிலிருந்து இரசாயனம் எடுத்து, அதைச் சுற்றி வாழ்ந்த ஒரு தொழில் உலகம் ஆனையிறவிலும் பரந்தனிலும் இருந்தது. 1950களில் அரசு அமைத்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பை நீரில் கரைத்து, அக்கரைசலினூடாக மின்னைச் செலுத்தி, கோஸ்ரிக் சோடாவையும் குளோரினையும் உற்பத்தி செய்தது. சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் ஒன்று, குடிநீரைச் சுத்திகரிக்க மற்றையது. இந்த முறையில் ஒரு தொன் குளோரினுக்கு ஏறத்தாழ 1.1 தொன் கோஸ்ரிக் சோடா கிடைக்கும் என்பதை உயர்தர இரசாயனவியல் மாணவர்கள் கணக்காகச் செய்திருப்பார்கள். அந்தக் கணக்கு தங்கள் ஊரில் ஆலையாக நின்றது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. போரோடு ஆலை நின்றது, எந்திரங்கள் போயின, கட்டடங்கள் குண்டுகளும் மழையும் தின்றதுபோக எஞ்சின. மீளத் தொடங்கும் பேச்சு அவ்வப்போது எழுகிறது.

ஆலை வளாகம் அரச சொத்து. அதற்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது, பிள்ளைகளோடு போன நாங்களும் நுழையவில்லை. எங்கள் புள்ளிகள் எல்லாவற்றையும் மக்கள் நாளாந்தம் புழங்கும் வீதியோரங்களிலும் புகையிரத நிலையப் பக்கங்களிலும் மட்டுமே குறித்தோம். பரந்தனிலும் ஆனையிறவிலும் புகையிரதம் நிற்பதால், ஓரிடத்தில் இறங்கி மற்றையதில் ஏறும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளலாம். ஆனால் புகையிரத நேரங்கள் விளையாட்டுக்கு ஒத்துவரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பஸ்தான் நம்பிக்கையானது.

ஆனையிறவுதான் இந்தப் பயணத்தின் சாரம். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிடும்போது, அதிலுள்ள உப்புகள் எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. ஒவ்வொன்றும் தன் முறை வரும்வரை காத்திருக்கிறது. உப்புநீரின் செறிவைக் காட்டும் போமே அளவில் கடல்நீர் ஏறத்தாழ 3 பாகை காட்டும். 13 பாகையைத் தாண்டியதும் ஜிப்சம் படியத் தொடங்கும். நாம் உண்ணும் உப்பு 25 பாகைக்கு மேல்தான் பளிங்காகும். 29, 30 பாகையைத் தொட்டதும் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து உப்பு கசக்கும், ஈரத்தை இழுத்து ஒழுகும். இதை வாசித்து அறிவது வேறு, வரிசையாக இருக்கும் பாத்திகளின் நிறம் மாறிக்கொண்டே போவதை வரம்பின் இந்தப் பக்கம் நின்று பார்ப்பது வேறு. நீர் செறியச் செறிய அதில் வாழும் நுண்ணுயிர்களால் இளஞ்சிவப்பு ஏறும். வெள்ளையாக ஆடை போர்த்திய பாத்தியின் ஓரத்தில் குனிந்து பார்த்தால், நீரின் மேல் மிதக்கும் பளிங்குகள் தெரியும்: நகத்தின் அளவுகூட இல்லாத நாற்கோணங்கள், நடுவில் படிப்படியாகக் குழிந்து, தலைகீழாகக் கவிழ்த்த சிறு கோபுரம் போன்றவை. மேற்பரப்பில் பளிங்காகி, தன் பாரத்தால் சற்றே அமிழ்ந்து, விளிம்பில் மீண்டும் வளர்ந்து, மீண்டும் அமிழ்ந்து இந்த வடிவம் உண்டாகிறது. காற்று சற்று பலமாக வீசினால் நிலைகுலைந்து அடியில் போய்விடும். ஆகவே காலையில் போக வேண்டும்.

இதைத்தான் கேள்விகளாக மாற்றினோம். எந்தப் பாத்தியிலிருந்து நிறம் மாறத் தொடங்குகிறது, மிதக்கும் பளிங்குக்கு எத்தனை பக்கம், எந்தப் பக்கத்திலிருந்து நீர் ஏற்றப்படுகிறது, ஏன் அந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டு, எண்ணாக வரும் விடைகளை அடுத்த புள்ளியின் ஆள்கூறுகளில் பொருத்தினோம். செயலி இந்தக் கணக்கைப் பிசகாமல் செய்தது. என்னோடு வந்த பிள்ளைகள் பக்கங்களை எண்ணுவதில் சண்டை பிடித்தார்கள். அடியையும் சேர்த்து எண்ண வேண்டுமா என்ற அந்தச் சண்டைதான் அன்றைய நாளின் மிகச் சிறந்த பாடம் என்று நினைக்கிறேன். ஒன்றை மறக்கக் கூடாது: ஆனையிறவு உப்பளம் கைவிடப்பட்ட இடமல்ல. போருக்குப் பின்னர் அங்கே மீண்டும் உப்பு விளைகிறது, 2025இல் உப்புத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. உப்பு வாரும் நாட்களில் வரம்புகள் தொழிலாளர்களுக்குரியவை. அவர்களின் கால் படும் வரம்பில் விளையாட்டுக்காக நடந்து மண்ணை இடித்துவிடுவது அடாவடித்தனம். முன்கூட்டியே கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் நிற்க வேண்டும்.

இப்போது பெட்டிகளின் விடயத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் மிகவும் போற்றப்படும் பெட்டி எது தெரியுமா? இராணுவம் கழித்துவிட்ட இரும்பு ரவைப் பெட்டி. நீர் புகாது, உறுதியானது, மலிவானது என்பதால் வட அமெரிக்காவில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அத்தகைய பெட்டியொன்றை முகமாலையிலோ முல்லைத்தீவிலோ ஒரு மரத்தடியில் வைத்தால் அதைக் காண்பவர் என்ன செய்வார்? அறிவுள்ளவராயின் வந்த தடத்தில் அடிவைத்துத் திரும்பிப்போய்ப் பொலிசுக்கு அறிவிப்பார். சிறு மரப்பெட்டியும் ஆகாது. இங்கே போர்க்காலத்தில் செய்யப்பட்ட ஜொனி வகை மிதிவெடி மரப்பெட்டிக்குள்தான் அமைக்கப்பட்டது. பிளாஸ்ரிக் டப்பாவும் ஆகாது; பல மிதிவெடிகளின் உறையே பிளாஸ்ரிக்தான். தெரியாத பொருளைத் தொடாதே, அதற்குக் கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல் என்று எங்கள் பிள்ளைகளுக்கு முன்பள்ளியிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறோம். பாதையை விட்டு விலகு, புதருக்குள் கையை விடு, பெட்டி கிடைத்தால் திற என்று சொல்லும் ஒரு விளையாட்டை அதே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது அந்தக் கல்வியைக் குலைப்பதாகும். ஒரேயொரு பெட்டியாவது ஆபத்தில்லாதது என்று பிள்ளை அனுபவத்தில் கற்றுக்கொள்வதுதான் ஆபத்து.

வெளியூரிலிருந்து வரும் ஆர்வலர்கள் இதை மிகையென்று எண்ணக் கூடும், போர் 2009இல் முடிந்துவிட்டதே என்பார்கள். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கி முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன். பெரும்பகுதி நிலம் துப்புரவாக்கப்பட்டு மக்களிடம் கையளிக்கப்பட்டிருக்கிறது என்பது உண்மை, அதற்காக வெயிலில் முழந்தாளில் நின்று அங்குலம் அங்குலமாக நிலத்தைக் கிளறிய பணியாளர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்களில் கணிசமானோர் எங்கள் ஊர்ப் பெண்கள். ஆனால் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்று பொருளில்லை. கைவிடப்பட்ட கட்டடம், மக்கள் பயன்படுத்தாத கிணற்றடி, பழைய மண் அணை ஆகியவைதான் இந்த விளையாட்டில் பெட்டி ஒளிக்க ஏற்ற இடங்களாகச் சொல்லப்படுபவை. வெடிக்காத எச்சங்கள் தங்கியிருக்கக் கூடிய இடங்களும் அவையே.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கையில் கருவியோடு ஒரு பாழடைந்த கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வருபவர்களை வன்னி மக்கள் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். புலிகள் புதைத்த தங்கம் என்ற கதையை நம்பி ஸ்கானர் கருவிகளோடு வந்து தோண்டியவர்கள் கைதான செய்திகள் பத்திரிகைகளில் வந்துகொண்டேயிருக்கின்றன. தொல்பொருள் இருக்கும் இடத்தில் அனுமதியின்றித் தோண்டுவதும் சட்டப்படி குற்றம். பரந்தனில் தேத்தண்ணி குடிக்க ஒதுங்கியபோது, மேசையில் வைத்திருந்த இட்ரெக்ஸைப் பார்த்துவிட்டுக் கடைக்கார ஐயா, "என்ன தம்பி, ஸ்கானரோ? கவனம், போன மாசமும் பொலிஸ் பிடிச்சவங்கள்" என்றார். பிள்ளைகளின் கேள்வித்தாளைக் காட்டியதும்தான் அவருடைய முகம் மாறியது; பிறகு அவரே உட்கார்ந்து ஆலையில் சங்கு ஊதும் நேரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். கிராம அலுவலருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, கையில் எழுத்தில் ஏதாவது வைத்திருப்பது நல்லது.

நியாயமாகச் சொல்வதானால், விளையாட்டின் பொதுவான விதிகளும் இவற்றில் பலவற்றைத் தடுக்கவே செய்கின்றன. பெட்டி வைப்பதற்காக நிலத்தைத் தோண்டக் கூடாது, நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், இரண்டு பெட்டிகளுக்கு இடையில் குறைந்தது 161 மீற்றர் இருக்க வேண்டும், வைத்தவர் அதைத் தொடர்ந்து பராமரிக்கக் கூடிய தொலைவில் இருக்க வேண்டும். கடைசி விதி முக்கியமானது: விடுமுறைக்கு வந்த ஒருவர் வன்னியில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு விமானம் ஏறிவிட முடியாது. அத்துடன், பெட்டியே இல்லாத வகைகளும் ஜியோகேச்சிங் தளத்தில் உண்டு. அவற்றுள் எர்த்கேச் என்பது எங்களுக்கெனவே செய்யப்பட்டது போலிருக்கிறது. அமெரிக்கப் புவிச்சரிதவியல் சங்கத்தின் துணையோடு 2004இல் தொடங்கப்பட்ட இந்த வகையில், ஓரிடத்தின் மண்ணையோ பாறையையோ நீரையோ பற்றிய பாடமொன்றும் அங்கே போனால் மட்டுமே விடையளிக்கக் கூடிய கேள்விகளும் இருக்கும். தேடி வந்தவர் எதையும் தொடுவதில்லை, எதையும் விட்டுச்செல்வதுமில்லை. ஆனையிறவுப் பாத்திகள், முல்லைத்தீவின் கறுப்பு மணற் படைகள், இரணைமடுவின் அணைக்கட்டோரம் ஆகியவை மூன்றும் இதற்கு உகந்தவை. மெய்ந்நிகர் வகையும் பெட்டியற்றதுதான் என்றாலும், அதை விரும்பியவர் எல்லாம் புதிதாக உருவாக்க 2005 முதல் அனுமதிப்பதில்லை. இடையிடையே தெரிவுசெய்யப்பட்ட சிலருக்கு மட்டும் அந்த வாய்ப்புத் தரப்படுகிறது.

கைவிடப்பட்ட சுரங்க நகரம் ஒன்றையே பார்த்துவிட விரும்பும் தமிழர்களுக்குக் கடல் தாண்டிக் கோலார் தங்கவயல் இருக்கிறது. 1880 முதல் ஆங்கிலேய நிறுவனமொன்றின் கீழ் வளர்ந்து, மூன்று கிலோமீற்றருக்கும் ஆழமாக இறங்கி, 2001 பெப்ரவரி 28இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஊர் இன்னும் உயிரோடிருக்கிறது. உழைத்தவர்களின் பிள்ளைகள் அங்கேயே வாழ்ந்துகொண்டு பெங்களூருக்கு இரயிலேறி வேலைக்குப் போகிறார்கள். அங்கேயும் சயனைட் கலந்த கழிவு மண் மேடுகளும் திறந்த சுரங்க வாய்களும் இருப்பதால், பெட்டிக்காகப் பாதையை விட்டு இறங்குவது அறிவீனம்.

வாங்க எண்ணுபவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். அன்ட்ரொயிட் தொலைபேசி இருந்தால் சீ-ஜியோவைத் தரவிறக்குங்கள். பணம் எதுவும் தேவையில்லை. வீட்டிலிருக்கும்போதே வட மாகாண வரைபடத்தைச் சேமித்து, வீட்டு வாசலை ஒரு புள்ளியாக உள்ளிட்டுப் பயின்று பாருங்கள். பாடசாலையோ இளைஞர் கழகமோ குழுவாகப் போவதானால் தொலைபேசியோடு ஒரு மேலதிக மின்சேமிப்பு வங்கியைக் கொண்டுசென்றால் போதும். இட்ரெக்ஸ் 10ஐத் தனியே பணம் கொடுத்து வாங்குவது, வயல்வெளியிலோ ஏரியோரத்திலோ நாள் முழுவதும் நில அளவை, பறவைக் கணக்கெடுப்பு போன்ற வேறு வேலைகளும் செய்பவர்களுக்கு மட்டுமே தகும். உறவினர் யாராவது பழையதைத் தருவதானால் மறுக்காதீர்கள். ஜியோகேச்சிங் தளத்தின் கட்டண உறுப்புரிமை எங்கள் பகுதியில் விளையாடுவதற்குத் தேவையில்லை, வெளிநாடு செல்பவர்கள் அங்கே போனபின் அதைப் பற்றி யோசிக்கலாம்.

உப்பு விளையும் வறண்ட மாதங்களில், காலை ஒன்பது மணிக்கு முன்னர் பாத்தியோரத்தில் நிற்கும்படி கிளம்புங்கள். மாரியில் போனால் எல்லாப் பாத்திகளும் மழைநீரால் ஒரே நிறமாக இருக்கும், கேள்விகளில் பாதிக்கு விடை கிடைக்காது. தொப்பி, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகியவை அவசியம். ஆனையிறவில் நிழல் தேடுவது பயனற்றது.